சிறிய அளவு கஞ்சா வழக்கு: முதற்தடவை நீதவான் நீதிமன்றம் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என எந்த நீதவான் நீதிமன்றத்தின் காலைப் பட்டியலை எடுத்தாலும், ஒரு கிராம், இரண்டு கிராம், ஐந்து கிராம் கஞ்சாவுடன் பிடிபட்டவர்களின் வழக்குகள் இல்லாத நாள் அரிது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான ‘யுக்திய’ பொலிஸ் நடவடிக்கை தொடங்கிய பின்னர் இவ்வாறு நீதிமன்றப் படியேறியவர்களில் பலர் அதற்கு முன்னர் ஒரு வழக்கையும் கண்டிராத இளைஞர்கள். இவர்களின் வழக்குகளில் கணிசமானவை முதல் தவணையிலேயே, சில நிமிடங்களுக்குள், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தன்னைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்ள, தண்டப்பணம் கட்டப்பட்டு முடிந்துவிடுகின்றன. பகல் சாப்பாட்டுக்கு முன் வீடு திரும்பிவிடலாம் என்பதால் அது இலகுவான வழியாகத் தெரிகிறது. ஆனால் அன்று பதிவாகும் குற்றத்தீர்ப்பு தண்டப்பணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னர் ஒருவரும் அவருடைய வீட்டாரும் எதையெதைத் தெரிந்திருக்க வேண்டுமோ அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். உங்கள் வழக்கை நேரில் பார்த்த சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

சட்டம் எதைக் குற்றம் என்கிறது

இவ்வழக்குகளின் அடிப்படை 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் அதில் பெரிய திருத்தங்களைச் செய்தன. சொந்தப் பாவனைக்கு இவ்வளவு வரை வைத்திருக்கலாம் என்ற விலக்கு எதுவும் இலங்கைச் சட்டத்தில் இல்லை. பீடிக்குள் சுற்றி வைத்திருந்த அரைக் கிராமும் குற்றமே. ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்குவது பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, இனிப் பிடிக்கமாட்டார்கள் என்று நம்பியிருப்பவர்கள் உண்டு. அந்த அனுமதிக்கும் ஒரு தனிமனிதரின் சட்டைப்பையில் இருக்கும் சரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயுர்வேத மருந்துக்கு என்று சொல்லப்படுவதும் அவ்வாறே. உரிய அனுமதி பெற்ற வைத்தியருக்கு உள்ள உரிமை, கடையில் கஞ்சா சேர்ந்த மதன மோதகம் வாங்கியவரைத் தானாகக் காப்பாற்றாது.

குற்றச்சாட்டில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்பது கிராம் கணக்கைப் போலவே முக்கியமானது. உடைமையில் வைத்திருத்தல் ஒன்று, வியாபாரம் செய்தல் வேறொன்று. சட்டம் வியாபாரத்துக்குத் தரும் வரைவிலக்கணம் மிக விரிந்தது: விற்பது மட்டுமன்றி, கொடுப்பது, பெற்றுக்கொடுப்பது, களஞ்சியப்படுத்துவது, ஏற்றிச்செல்வது, அனுப்புவது, விநியோகிப்பது ஆகியனவும், இவற்றைச் செய்ய முன்வருவதும் அதற்குள் அடங்கும். ஆகவே “நான் விற்கவில்லை, கூட்டாளிக்குத்தான் கொண்டுபோனேன்” என்று பொலிஸ் நிலையத்தில் அப்பாவியாகச் சொல்லும் ஒருவர், தன்னைக் காப்பதாக நினைத்துக்கொண்டே கூடுதல் பாரமான குற்றச்சாட்டுக்கு வழி திறந்துவிடக்கூடும்.

ஹெரோயின், ஐஸ் போன்றவற்றின் வழக்குகளோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அவற்றுக்கு அதே கட்டளைச் சட்டத்தின் 54அ பிரிவின் கீழ் மரண தண்டனை வரை செல்லும் தனி ஏற்பாடுகள் உண்டு. பிணைக்கும் மேல் நீதிமன்றங்களை நாட வேண்டியிருக்கும். கிராம் கணக்கிலான கஞ்சா உடைமை வழக்கு நீதவான் நீதிமன்றத்திலேயே தொடங்கி அங்கேயே முடிவது.

கைதும் பொலிஸ் நிலையமும்

கிழக்கில் கைது செய்பவர்கள் எப்போதும் பொலிஸ் நிலையத்து உத்தியோகத்தர்களாகவே இருப்பதில்லை. விசேட அதிரடிப்படையினர் பிடித்துப் பொலிஸாரிடம் ஒப்படைப்பதும், மதுவரித் திணைக்களத்தினர் தாமே வழக்குத் தொடர்வதும் வழமை. யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யாரிடம் கையளித்தார்கள் என்பதைப் பிடிபட்டவர் மனதில் பதித்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்த முதல் வேளையிலேயே எழுதிவைக்க வேண்டும். பின்னர் விளக்கத்தின்போது (சாட்சிகளை அழைத்து வழக்கை விசாரிக்கும்போது) சட்டத்தரணிக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை தருகிறது. பெண் ஒருவரைச் சோதனையிடுவதாயின் பெண் உத்தியோகத்தரே அதைச் செய்ய வேண்டும். 2012 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பொலிஸ் விதிகளின்படி, சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து தன் கட்சிக்காரர் சார்பில் பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம். அதை ஒரு சலுகையாகக் கருதிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்து வருவது நிறுத்தலும் முத்திரையிடலும். பொருளைப் பிடிபட்டவரின் முன்னிலையில் நிறுத்து, கடித உறையில் இட்டு, அரக்கு வைத்து, உறையின் மேல் அவருடைய இடது பெருவிரல் அடையாளத்தைப் பெறுவது வழக்கம். பொலிஸ் நிலையத்தில் தராசு இல்லாத இடங்களில் நகைக் கடைக்கோ அடகு பிடிக்கும் இடத்துக்கோ கொண்டுபோய் நிறுப்பார்கள். அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்காமல் தராசைப் பார்க்க வேண்டும். என்ன எண் தெரிந்தது, சுற்றியிருந்த கடதாசியோடு நிறுத்தார்களா, கடதாசியைப் பிரித்துவிட்டு நிறுத்தார்களா, உறை உங்கள் கண்முன்னே மூடப்பட்டதா, மூடிய பின் விரல் வைத்தீர்களா, அல்லது வெற்று உறையில் முதலில் விரல் வாங்கினார்களா என்பவை எல்லாம் பின்னர் ஒரு வழக்கின் போக்கையே மாற்றக்கூடிய விடயங்கள். வெற்று உறையிலும் வெற்றுத் தாளிலும் விரல் அடையாளமோ கையொப்பமோ இட வேண்டாம்.

வாக்குமூலம் எழுதப்படும்போதுதான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். அது சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளக்கிச் சொல்லுமாறு கேளுங்கள். விளங்காத எதற்கும் கையொப்பமிட வேண்டாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக எண்பிக்க முடியாது. ஆனால் 27 ஆம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: வாக்குமூலத்தில் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி சான்றாக வரலாம். “வீட்டு அலுமாரியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது” என்று சொல்வதன் விளைவு இப்போது புரியும். பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, மற்றதைச் சட்டத்தரணியுடன் பேசிய பின்னர் சொல்கிறேன் என்று மரியாதையாகக் கூறுவதே பாதுகாப்பானது.

அடி உதை, மிரட்டல், பணம் கேட்டல் நடந்திருந்தால், முதலில் நீதவானிடமும், காயம் இருப்பின் சட்ட வைத்திய அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படமாட்டாது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் இருப்பதால், கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்களும் இந்த முதல் அடியை ஊரிலிருந்தே வைக்கலாம்.

நீதவான் முன்னிலையும் பிணையும்

பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னிலையில் ஆஜர்படுத்த வேண்டும். சனி, ஞாயிறு, போயா தினங்களில் இது நீதவானின் வாசஸ்தலத்தில் நடைபெறும் என்பதால், வெள்ளி இரவு பிடிபட்டவரின் வீட்டார் திங்கட்கிழமை வரை காத்திராமல், எத்தனை மணிக்கு, எங்கே ஆஜர்படுத்துகிறார்கள் என்று பொலிஸ் நிலையத்தில் அன்றிரவே கேட்டறிய வேண்டும்.

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்ற கொள்கையின்மீது அமைந்தது. தலைமறைவாகுதல், சாட்சிகளில் தலையிடுதல், மீண்டும் குற்றம் புரிதல் போன்றவற்றுக்கு இடமுண்டு என நீதிமன்றம் கருதினால் பிணை மறுக்கப்படலாம். நடைமுறையில் பிணை கிடைத்தும் ஒருவர் மட்டக்களப்புச் சிறைச்சாலையின் விளக்கமறியலுக்குப் போகிறார் என்றால், பெரும்பாலும் பிணையாளியின் ஆவணங்கள் சரியாக இல்லாததே காரணம். நீதிமன்றத்துக்குப் புறப்படும் முன்னரே பிணையாளிகள் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியோடும், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழோடும் தயாராக இருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் அல்லது நிரந்தர வருமானமுள்ளவர் என்று நிபந்தனை வரக்கூடும். ஆகவே ஒருவர் போதும் என்றாலும் இருவரை அழைத்துச் செல்லுங்கள். பிணையாளி கையொப்பமிடுவது மரியாதைக்காக அல்ல; எதிரி தவணைக்கு வராவிட்டால் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பு என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டாரின் கடமை.

குற்றவாளியா, சுற்றவாளியா

நீதிமன்றக் கட்டடத்தின் வெளி விறாந்தையில் காலை எட்டரை மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். பெயர் கூப்பிடும் வரை தூணோரம் நிற்கும் பிள்ளையிடம், பக்கத்தில் நிற்கும் தாய் “மனே, குற்றவாளி எண்டு சொல்லிற்று வா, காசைக் கட்டிற்று வீட்ட போவம்” என்று கெஞ்சுவதை எத்தனையோ தடவைகள் கேட்டிருக்கிறேன். அந்தத் தாயின் பயமும் களைப்பும் உண்மையானவை. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு ஒவ்வொரு தவணைக்கும் வந்து நிற்க அவரால் முடியாது. ஆயினும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் யோசிக்கவேண்டியது நிறைய இருக்கிறது.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் (1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம்) 182 ஆம் பிரிவின்படி, நீதவான் குற்றச்சாட்டை வாசித்து, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். குற்றச்சாட்டு உங்களுக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கைகளைத் தமிழில் விளங்கிக்கொள்வதற்கான மொழிபெயர்ப்பு அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையின்படி உங்கள் உரிமை. அதற்குக் கட்டணம் கிடையாது. அம்பாறை நகர நீதிமன்றத்தில் நிற்கும் அக்கரைப்பற்று இளைஞர் ஒருவர் இதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. பதில் சொல்வதற்கு முன்னர் சட்டத்தரணி ஒருவரை அமர்த்திக்கொள்ள அவகாசம் வேண்டும் என்று கேட்பதும் சட்டம் தந்த உரிமையே. இவ்வாறு கேட்டால் நீதவான் கோபிப்பார், தண்டம் கூடும் என்று விறாந்தையில் சொல்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம்.

குற்றவாளி என்று சொன்னால், அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும் முன்னரே, பிடித்த உத்தியோகத்தர் ஒரு குறுக்கு விசாரணையையும் சந்திக்காமலே, குற்றத்தீர்ப்பு பதிவாகலாம். அதன் பின் மேன்முறையீட்டின் கதவும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். விரல் அடையாளத்தோடு முன்குற்றப் பதிவு உண்டாகும். இந்த மாவட்டங்களின் இளைஞர்கள் கட்டாருக்கோ சவூதிக்கோ போவதற்கு எடுக்க வேண்டிய பொலிஸ் சான்றிதழில் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். அரச வேலை, பாதுகாப்புச் சேவை போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே கதை. மறுமுறை பிடிபட்டால், முதல் தீர்ப்பைக் காட்டியே இரண்டாவது தண்டனை பாரமாக்கப்படும். சில ஆயிரம் ரூபாவோடு தலையெழுத்து தீர்ந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர், இரண்டு வருடம் கழித்து வெளிநாட்டு முகவரின் மேசைக்கு முன்னால்தான் அதன் முழு விலையையும் அறிகிறார்.

அவசரத்தில் குற்றவாளி என்று சொல்லிவிட்டீர்களானால், அதே சட்டக்கோவையின் 183 ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்னர், நீதவானின் அனுமதியுடன் அந்த ஒப்புதலை மீளப்பெறலாம்; பெற்றால் வழக்கு விளக்கத்துக்குப் போகும். தண்டனை வாசிக்கப்பட்ட பின் இந்த வழி இல்லை.

பொருள் உண்மையாகவே தன்னுடையதுதான் என்றிருப்பவர் என்ன செய்வது? பொய் சொல்லுமாறு நான் யாருக்கும் சொல்லவில்லை. சுற்றவாளி என்பது, வழக்கை எண்பிக்கும் பொறுப்பை அரசிடம் விடுவதாகும். அது சத்தியம் செய்து சொல்லும் சாட்சியம் அல்ல. ஒப்புக்கொள்வதே சரி என்று முடிவெடுப்பவருக்கும் சட்டத்தரணி தேவைப்படுகிறார். ஏனெனில் அதே சட்டக்கோவையில் 306 ஆம் பிரிவு என்றொரு வழி இருக்கிறது. குற்றச்சாட்டு எண்பிக்கப்பட்டது என்று கண்டாலும், எதிரியின் வயது, நன்னடத்தை, முன்குற்றமின்மை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருத்திற் கொண்டு, குற்றத்தீர்ப்பைப் பதியாமலே எச்சரித்து விடுவிக்கவோ நிபந்தனையுடன் விடுவிக்கவோ நீதவானுக்கு அது தற்றுணிபு தருகிறது. உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்பதைக் குற்றப்பத்திரத்தில் உள்ள பிரிவைப் பார்த்தே சொல்ல முடியும். கேட்டால் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்பாரின்றி அது கிடைப்பது அரிது. பாடசாலை அதிபரின் கடிதம், வேலை செய்யும் இடத்தின் கடிதம், விளையாட்டுக் கழகத்தின் சான்று போன்றவற்றைச் சட்டத்தரணியிடம் முன்னரே கொடுத்துவையுங்கள்.

சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை அலுவலகங்களை நாடலாம். வருமான விபரத்தைக் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு தவணைக்குச் சில நாட்கள் முன்னதாகவே போவது நல்லது.

வழக்கு விளக்கத்துக்கு வந்தால்

அரசு இங்கே எண்பிக்க வேண்டியவை மூன்று: பொருள் கஞ்சாதான் என்பது, அது எதிரியின் உடைமையில் இருந்தது என்பது, அது அங்கிருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பது. இவை ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கப்பட வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குப் போகும் ஓட்டோ ஒன்றில் மூவர் இருக்கிறார்கள். பின் ஆசனத்தின் அடியில் ஒரு பொட்டலம் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூவரையும் எதிரிகளாக்கி வழக்குப் போடுவது இலகு. ஆனால் யாருடைய தனி உடைமையில் அது இருந்தது, காலையிலிருந்து அந்த ஆசனத்தில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள், ஓட்டோ யாருடையது என்ற கேள்விகளுக்கு வழக்குத்தொடுநர் பதில் வைத்திருக்க வேண்டும். பலர் குடியிருக்கும் வீட்டின் கூரையிடுக்கில் எடுத்த பொருளுக்கும் இதுவே பொருந்தும்.

சான்றுப்பொருளின் கைமாற்றம் அடுத்த பெரிய விடயம். பிடித்தவர் யாரிடம் கொடுத்தார், எந்த இலக்கத்தில் பொருட்பதிவேட்டில் பதிந்தார்கள், அதற்குப் பின் யாருடைய பொறுப்பில் இருந்தது, பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு யார் கொண்டுபோனார், அங்கே முத்திரை உடையாமல் கிடைத்ததா என்ற சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் சந்தேகம் எழலாம். எடை வேறுபாட்டையும் சட்டத்தரணி கவனிப்பார். ஈர இலை உலர்ந்தால் எடை குறைவது இயல்பு என்பதால் சிறு குறைவு மட்டும் வழக்கை வீழ்த்திவிடாது. கூடியிருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும்.

எதிரி சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சியமளிக்கலாம், எதிரிக் கூண்டிலிருந்தே கூற்றொன்றைச் செய்யலாம், எதுவும் பேசாமலும் இருக்கலாம். இம்மூன்றில் எது என்பதைத் தானாகத் தீர்மானிக்காமல் சட்டத்தரணியுடன் பேசி முடிவெடுக்க வேண்டும்.

தவணைகள் நீளும், சாட்சியான உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், அறிக்கை வந்திருக்காது. சலிப்படைந்து ஒரு தவணையைத் தவறவிட்டால் பிடியாணை பிறக்கும். பிணையாளியும் பதில் சொல்ல வேண்டிவரும். சுகவீனமென்றால் வைத்தியச் சான்றிதழை அன்றே சட்டத்தரணி மூலம் சமர்ப்பியுங்கள்.

தண்டனையும் அதன் பின்னரும்

தண்டம், தண்டம் கட்டாவிட்டால் சிறை, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை ஆகியவை வழமையானவை. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இட்டு, ஊரிலேயே பொதுவேலையும் ஆலோசனையும் பெறச் செய்யலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாதவருக்கு இது சிறையைவிட எவ்வளவோ மேல். போதைக்கு அடிமையானவர் என்று கருதப்படுபவரை 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பவும் இயலும். “என் பிள்ளையைக் கந்தகாட்டுப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புங்கள், திருந்தி வரட்டும்” என்று சில பெற்றோர் நீதவானிடம் தாமே கேட்டுக்கொள்கிறார்கள். எப்போதாவது புகைப்பவரையும் அன்றாடம் ஐஸ் பாவிப்பவரையும் ஓரிடத்தில் வைப்பதால் வரக்கூடியதை எண்ணிப் பார்த்து, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவர் ஒருவரைக் கண்டு பேசிய பின்னரே அவ்வாறு கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் வழக்கு திறந்த மன்றில் ஏனையோரோடு எடுக்கப்படலாகாது. வயதைக் காட்டும் பிறப்புச் சான்றிதழை முதல் நாளே கொண்டுபோய், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோருமாறு சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

நீதவானின் தீர்ப்பில் குறை இருப்பதாகக் கருதினால் 14 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் மேல் நீதிமன்றங்கள் உள்ளன. நாட்களைத் தீர்ப்பு நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். விடுமுறை நாட்களைக் கழித்துப் பார்க்காதீர்கள்.

விடுதலையானாலும், 306 ஆம் பிரிவின்கீழ் விடுவிக்கப்பட்டாலும், தண்டம் கட்டினாலும், கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியொன்றுக்குப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்று, தண்டப்பணச் சிட்டையோடு சேர்த்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். முன்னர் தவறவிட்ட தவணைக்குப் பிறந்த பிடியாணை இருந்திருந்தால், அது மீளப்பெறப்பட்ட செய்தி பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அடுத்த வாரமே நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மன்றில் நீக்கப்பட்ட பிடியாணை பொலிஸ் புத்தகத்தில் நீக்கப்படாமல் கிடந்து, வீதிச் சோதனையின்போது ஒருவர் மீண்டும் பிடிபடுவது நடக்கிறது. அப்போது பையில் உள்ள அந்தப் பிரதிதான் அவரை அன்றிரவே வீட்டுக்கு அனுப்பும்.